பேக்கப் இருக்கிறது, சரி. திறந்து பார்த்தீர்களா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மொத்த வியாபார கம்பெனி. பில்லிங் சாஃப்ட்வேர் லினக்ஸ் சர்வரில் மைஸ்க்யூஎல் டேட்டாபேஸை வைத்து ஓடுகிறது, கணக்கு டேலியில். நேற்று ராத்திரி சர்வரின் டிஸ்க் படுத்துவிட்டது. நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் மாட்டிய டிஸ்க் பெட்டி) கடைசி 14 நாள் டம்ப் (டேட்டாபேஸ் முழுவதையும் ஒரு ஃபைலாக எழுதி வைத்தது) இருக்கிறது, வாரம் ஒருமுறை முதலாளி வீட்டுக்குப் போகும் எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றும் இருக்கிறது. முதலாளி சாயங்காலத்துக்குள் பில் போட்டாக வேண்டும் என்கிறார். இதில் எந்த பேக்கப் நல்லது என்று ரீஸ்டோர் செய்வதற்கு முன்னாலேயே எப்படிக் கண்டுபிடிப்பது, செக்சம் பார்த்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. செக்சம் (ஹாஷ் என்பதும் இதுதான், ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஓர் அடையாள எண்) ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லும்: ஹாஷ் எடுத்த நேரத்தில் ஃபைல் எப்படி இருந்ததோ இப்போதும் அப்படியே இருக்கிறது என்று. எடுத்தபோதே அது குப்பையாக இருந்திருந்தால், குப்பை பத்திரமாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுக்கும், அவ்வளவுதான். உள்ளே இருப்பது உங்கள் கம்பெனியின் கணக்குதானா, முழுசாக இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, அந்தக் கணக்கோடு தினமும் புழங்குகிற ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். 18 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், இதற்குக் குறுக்கு வழி எதுவும் என் கண்ணில் படவில்லை.

அதற்கெல்லாம் முன்னால், இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்ச் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இன்றிரவு பேக்கப் ஓடாமல் நிறுத்துங்கள். 14 நாள் மட்டும் வைத்திருக்கிறீர்கள் என்றால், எங்கேயோ ஒரு ஸ்கிரிப்ட் தினமும் பழைய ஃபைலை அழித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஸ்கிரிப்ட் நாஸில் ஓடினால், செத்துப்போன சர்வரிலிருந்து புதிதாக எதுவும் வராது, ஆனால் பழையதை அழிக்கிற வேலை மட்டும் கடமை தவறாமல் நடக்கும். நீங்கள் எந்த ஃபைல் நல்லது என்று தேடிக்கொண்டிருக்கும் நான்கு நாளில், நல்லதாக இருந்திருக்கக்கூடிய நான்கு ஃபைல் போய்விடும். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும், ஆனால் பதற்றத்தில் எல்லோரும் மறக்கிற விஷயம் இதுதான்.

செத்த டிஸ்க்கையும் யாரும் தொட வேண்டாம். ஃபார்மட் செய்வதோ, அதன் மேலேயே ரீஸ்டோர் செய்து பார்ப்போமே என்பதோ கூடவே கூடாது. பேக்கப் நல்லது என்று உறுதியாகும் வரை அந்த டிஸ்க்கும் ஒரு பேக்கப்தான், கொஞ்சம் மோசமான பேக்கப், அவ்வளவே. கழற்றி, தேதி எழுதி ஒட்டி, பீரோவில் வையுங்கள். பிறகு டேட்டா மீட்பவர்களிடம் கொடுக்க வேண்டி வந்தால், எவ்வளவு குறைவாக ஓட விட்டீர்களோ அவ்வளவு நல்லது.

அப்புறம், நாஸில் இருப்பதையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருப்பதையும் வேறொரு டிஸ்க்குக்குக் காப்பி எடுத்து, அந்தக் காப்பியின் மேல்தான் எல்லாப் பரிசோதனையும். எக்ஸ்டர்னல் டிஸ்க்கை லினக்ஸில் ரீட்-ஒன்லியாக (படிக்க மட்டும், எழுத முடியாதபடி) மவுண்ட் செய்யுங்கள். விண்டோஸில் சும்மா செருகினால் அது தானாக எதையாவது எழுதும், ஆன்டிவைரஸ் வேறு ஏதாவது ஒரு ஃபைலைப் பிடித்து அடைத்து வைக்கும். மிச்சமிருக்கும் ஒரே பிரதியை வைத்து விளையாடக் கூடாது.

இப்போது முதல் பரிசோதனை. எந்தக் கட்டளையும் வேண்டாம். 14 ஃபைலின் அளவையும் வரிசையாக ஒரு பேப்பரில் எழுதிப் பாருங்கள். கணக்கு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வளரும், அதனால் டம்ப்பின் அளவும் அப்படியே மெதுவாக ஏற வேண்டும். திடீரென்று பாதியானாலோ, இரண்டு நாள் ஒரு பைட் கூட மாறாமல் இருந்தாலோ, அங்கே ஏதோ நடந்திருக்கிறது. இவ்வளவு சின்ன விஷயத்தை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இதைப் பார்க்காததால் நான் பட்ட பாடு அப்படி.

2015 டிசம்பர் வெள்ளம். அடையாற்றை ஒட்டி இருந்த ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். சர்வர் தரைத்தளத்தில், மேசைக்குக் கீழே. 1ஆம் தேதி ராத்திரி தண்ணீர் வந்தது, நாங்கள் உள்ளே போக முடிந்தபோது சேறு முழங்கால் அளவு இருந்தது. பரவாயில்லை, பேக்கப் டிஸ்க் மூன்றாம் மாடியில் இருக்கிறது என்று தைரியமாக ஏறிப் போனேன். தினமும் ஒரு ஃபைல், ஒரு நாள் தவறாமல். லாகில் (ஸ்கிரிப்ட் எழுதி வைக்கும் குறிப்பில்) தினமும் பேக்கப் ஓகே. நான் பெருமையாக எழுதி வைத்திருந்த செக்சம் எல்லாம் அப்படியே பொருந்தின. ஃபைல் அளவைப் பார்த்தால் 20 பைட். எல்லாமே 20 பைட். ஆகஸ்டில் யாரோ டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்கள், ஸ்கிரிப்ட்டில் மாற்றவில்லை. டம்ப் எடுக்கும் மைஸ்க்யூஎல்டம்ப் கட்டளை உள்ளே போக முடியாமல் திரும்பிவிட்டது, ஆனால் அதன் வெளியீட்டை வாங்கிச் சுருக்கிய ஜிஜிப், ஒன்றுமே வராததை ஒழுங்காகச் சுருக்கி, 20 பைட்டுக்கு ஒரு ஃபைல் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. வெறுமையைச் சுருக்கினால் 20 பைட். நீங்களே முயன்று பாருங்கள். அந்த ஃபைல் ஜிஜிப்பின் பரிசோதனையில் கூடப் பாஸாகும், ஏனென்றால் ஜிஜிப்பைப் பொறுத்தவரை அதில் ஒரு குறையும் இல்லை.

நான்கு மாதக் கணக்கை நனைந்த பில் புத்தகங்களிலிருந்து மறுபடி ஏற்றினார்கள். கணக்குப் பிரிவில் இருந்த ஒரு அக்கா, துணி காயப் போடும் கொடியில் கார்பன் காப்பிகளை கிளிப் போட்டு, ஃபேன் காற்றில் ஒவ்வொன்றாக உலர்த்தி, மங்கிய எண்ணை டார்ச் வெளிச்சத்தில் படித்துப் படித்துச் சொல்ல, பக்கத்தில் ஒரு பையன் டைப் செய்தான். அந்த அக்கா என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

அதில் தொழில்நுட்பக் குற்றவாளி யார் என்றும் சொல்லிவிடுகிறேன், உங்கள் ஸ்கிரிப்ட்டிலும் அது இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு கட்டளையின் வெளியீட்டை பைப் வழியாக இன்னொன்றுக்கு அனுப்பும்போது, வெற்றியா தோல்வியா என்று ஷெல் (கட்டளைகளை ஓட்டும் புரோகிராம்) கேட்பது கடைசிக் கட்டளையை மட்டும்தான். முன்னால் இருந்தவர் விழுந்தாலும் பின்னால் இருந்த ஜிஜிப் நன்றாக முடித்ததால், எல்லாம் நலம் என்று லாகில் விழும். பாஷ் ஸ்கிரிப்ட்டின் ஆரம்பத்தில் பைப்ஃபெயில் ஆப்ஷனைப் போட்டால் இந்தப் பொய் நிற்கும். ஒரே ஒரு வரி. அந்த வரி எனக்கு 2015இல் தெரிந்திருக்கவில்லை.

சரி, செக்சம். போதாது என்று சொன்னேனே தவிர வேண்டாம் என்று சொல்லவில்லை. பேக்கப் எடுத்த உடனேயே, எடுத்த இடத்திலேயே ஷா-256 முறையில் ஹாஷ் எடுத்து எழுதி வைத்திருந்தால், இப்போது மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். 64 எழுத்து வரும். விண்டோஸில் செர்ட்யூடில் இருக்கிறது, பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் இருக்கிறது, லினக்ஸில் ஷா256சம். (இந்த 64 எழுத்து உங்களுக்குப் புதிதல்ல. இ-இன்வாய்ஸில் வரும் ஐஆர்என் எண்ணும் 64 எழுத்துதான், விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் ஆகியவற்றிலிருந்து அதே ஷா-256 முறையில் உண்டாக்குவது.) எம்டி5 என்ற பழைய ஹாஷ் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதுவும் பரவாயில்லை, தற்செயலாகக் கெட்டுப்போன ஃபைலை அது கண்டுபிடித்துவிடும். வேண்டுமென்றே ஒருவர் மாற்றியதைப் பிடிக்க மட்டும் அதை நம்பாதீர்கள், 2004லேயே அதை உடைத்துக் காட்டிவிட்டார்கள். ஹாஷ் பட்டியலை பேக்கப் இருக்கும் அதே ஃபோல்டரிலேயே வைத்திருந்தால் எந்த ஹாஷும் இந்த விஷயத்தில் உதவாது. ஃபைலை மாற்றத் தெரிந்தவருக்குப் பக்கத்தில் இருக்கும் பட்டியலை மாற்றத் தெரியாதா?

ஹாஷே எடுக்கவில்லை என்றால்? பெரும்பாலான இடத்தில் நிலைமை அதுதான், வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒரே தேதியின் டம்ப் நாஸிலும் இருந்து எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலும் இருந்தால், இரண்டுக்கும் இப்போது ஹாஷ் எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டு வெவ்வேறு டிஸ்க்கில் இருக்கும் ஃபைல் ஒன்றுபோல இருந்தால், காப்பி எடுத்த பிறகு இரண்டும் கெடவில்லை என்று நம்பலாம். பொருந்தவில்லை என்றால் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது, எது என்று அடுத்த பரிசோதனையில் தெரியும். எக்ஸ்டர்னல் டிஸ்க் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள், 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைலை அதில் வைக்க முடியாது, சரியாக அந்த அளவில் வெட்டப்பட்டு நிற்கும். காப்பி எடுக்கும் ஆர்சிங்க் தினமும் ஓடுகிறது, எல்லாம் ஒன்றாகத்தான் இருக்கும் என்று சொல்கிறவர்களுக்கு: அது சாதாரணமாக அளவையும் தேதியையும் மட்டுமே பார்க்கிறது, உள்ளே இருப்பதைப் படித்து ஒப்பிட வேண்டுமானால் செக்சம் ஆப்ஷனைத் தனியாகக் கொடுக்க வேண்டும். அமேசானின் எஸ்3 என்ற ஆன்லைன் சேமிப்பில் வைத்திருப்பவர்கள், அது ஒவ்வொரு ஃபைலுக்கும் காட்டும் இ-டேக்கை எம்டி5 என்று நினைத்து ஒப்பிட்டுவிட்டுப் பயப்படுவார்கள். பெரிய ஃபைல் துண்டு துண்டாக ஏறியிருந்தால் அது எம்டி5 ஆக இருக்காது. பயப்பட வேண்டாம்.

ஜிஜிப்பில் --டெஸ்ட் என்ற ஆப்ஷன் இருக்கிறது. ஃபைலின் கடைசியில் சிஆர்சி-32 என்ற சரிபார்ப்பு எண்ணையும் அசல் அளவையும் அது சுருக்கும்போதே எழுதி வைத்துவிடும், ஆகவே நீங்கள் ஹாஷ் எடுக்க மறந்திருந்தாலும் இது கைகொடுக்கும். ஜிப், 7-ஜிப் எல்லாவற்றிலும் இதே மாதிரி உண்டு. வெறும் டாரில் (பல ஃபைலைச் சுருக்காமல் ஒன்றாகக் கட்டுவது) இல்லை, அது தலைப்புப் பகுதிக்கு மட்டுமே செக்சம் வைக்கிறது, ஃபைலின் உள்ளடக்கத்துக்கு வைப்பதில்லை. டார் பட்டியல் ஒழுங்காக வருகிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம்.

பாஸானால் பிரித்து, கடைசிச் சில வரிகளைப் பாருங்கள். மைஸ்க்யூஎல்டம்ப் முழுசாக முடிந்திருந்தால் கடைசி வரியில் டம்ப் கம்ப்ளீட்டட் என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டிருக்கும். காமென்ட் வேண்டாம் என்று ஆப்ஷன் கொடுத்திருந்தால் மட்டும்தான் இராது. அந்த வரி இல்லாமல் ஏதோ ஒரு இன்சர்ட் கட்டளையின் நடுவில் நின்றால், டம்ப் பாதியில் செத்திருக்கிறது, அந்தத் தேதியை ஓரமாக வைத்துவிட்டு முந்தைய நாளுக்குப் போங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அதன் சாதாரண டம்ப்பிலும் இப்படி ஒரு வரி உண்டு. கஸ்டம் வடிவத்தில் எடுத்தவர்கள் பட்டியலைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத் திருப்தி அடையக் கூடாது, பட்டியல் ஃபைலின் ஆரம்பத்திலேயே இருப்பதால் பின்பாதி வெட்டுப்பட்டிருந்தாலும் அழகாக வரும்.

இதுவரை சொன்னதெல்லாம் சல்லடை. கெட்டதைத் தள்ளலாம், நல்லது என்று சொல்ல முடியாது. இனிதான் உண்மையான வேலை.

ஒரு சாதாரண டெஸ்க்டாப் போதும். டிஸ்க் இடம் இல்லையென்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு யாரையாவது அனுப்பி ஒரு எஸ்எஸ்டி வாங்கிவரச் சொல்லுங்கள். பழைய சர்வரில் எந்த மைஸ்க்யூஎல் பதிப்பு இருந்ததோ அதையே போடுங்கள். வந்ததே வந்தோம் என்று 5.7இல் எடுத்த டம்ப்பை 8.0இல் ஏற்றினால், டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்த குட்டி புரோகிராம்களில் (டிரிக்கர், ஸ்டோர்டு புரொசீஜர்) ரேங்க், குரூப்ஸ் மாதிரி பெயர்கள் மேற்கோள் குறி இல்லாமல் இருந்தால், 8.0இல் அவை ஒதுக்கப்பட்ட சொற்கள் என்பதால் எரர் வந்து நிற்கலாம். பேக்கப் கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னும் பழைய ஃபைலைத் தேடிப் போவீர்கள். ஃபோர்ஸ் ஆப்ஷன் போட்டு எரரைத் தாண்டி ஏற்றாதீர்கள். சாதாரணமாக முதல் எரரில் நின்றுவிடும், அதுதான் நமக்கு வேண்டும். ஃபோர்ஸ் போட்டால் எந்த டேபிள் ஏறவில்லை என்பது ஸ்கிரீனில் ஓடிப் போய்விடும், மூன்று வாரம் கழித்து வாடிக்கையாளர் வந்து சொல்லும்போதுதான் தெரியும்.

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஏற்றுங்கள். ஒருமுறை ஒரு வாடிக்கையாளரின் தரவைச் சோதனைக்காக என் கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, அப்ளிகேஷனையும் எழுப்பினேன். அதற்குள் இருந்த பாக்கி நினைவூட்டல் வேலை, ஓடாமல் விட்ட நாட்களுக்கெல்லாம் சேர்த்து, வேலூர் வரைக்கும் இருக்கும் கடைக்காரர்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டது. ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்கும்தான். அன்றைக்கு எனக்கு வந்த போன்களை எண்ணவில்லை.

ஏறிவிட்டதா? இப்போது தமிழைப் பாருங்கள். உங்கள் சாஃப்ட்வேரில் வாடிக்கையாளர் பெயரோ சரக்குப் பெயரோ தமிழில் இருந்தால், அந்த டேபிளைத் திறந்து கண்ணால் பாருங்கள். இது ஆங்கிலத்தில் எழுதிய எந்த வழிகாட்டியிலும் முதல் பக்கத்தில் இருக்காது, நமக்கு இது முதல் பக்க விஷயம். யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ் எழுத்துக் குறிக்கு 3 பைட். டம்ப் எடுக்கும்போது கேரக்டர் செட் (எந்த எழுத்துக்கு எந்த பைட் என்ற அட்டவணை) தவறாக இருந்தால் இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் போட்ட குறியும் மாறி மாறி வரிசையாக வரும். பார்க்கத்தான் பயங்கரமாக இருக்கும், பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம், பைட்டுகள் உள்ளே அப்படியேதான் இருக்கின்றன, வேறு மொழியாகப் படிக்கிறோம், அவ்வளவுதான். இன்னொன்று, வெறும் கேள்விக்குறிகள். முருகன் ஸ்டோர்ஸ் இருந்த இடத்தில் கேள்விக்குறி, செல்வி ஏஜென்சி இருந்த இடத்திலும் கேள்விக்குறி. டேட்டாபேஸுக்கு உள்ளேயே அப்படித்தான் இருக்கிறது என்றால் அது போனதுதான், எந்த எழுத்து இருந்தது என்ற தகவலே அங்கே இல்லை. ஆனால் அழுவதற்கு முன் உங்கள் டெர்மினலின் கேரக்டர் செட்டைச் சரிபாருங்கள், பல நேரம் டேட்டாபேஸ் நன்றாகவே இருக்கும், திரைதான் காட்டத் தெரியாமல் கேள்விக்குறி போடும். பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் ஃபங்ஷனில் பார்த்தால் குழப்பம் தீரும்: 3எஃப் என்று திரும்பத் திரும்ப வந்தால் உண்மையிலேயே கேள்விக்குறி, இ0 என்று தொடங்கும் மும்மூன்று பைட்டாக வந்தால் தமிழ் உயிரோடு இருக்கிறது. ரொம்பப் பழைய சாஃப்ட்வேர் என்றால் பாமினி மாதிரி ஃபான்ட் வைத்து எழுதியிருப்பார்கள், அது டேபிளில் பார்க்க ஆங்கிலக் கிறுக்கல் மாதிரிதான் இருக்கும். அதைக் கெட்டுப்போனது என்று தூக்கி எறிந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

டேபிள் எல்லாம் இருக்கிறது, தமிழும் இருக்கிறது, ஆனாலும் பில்லிங் சாஃப்ட்வேர் எழவில்லை என்றால், ஸ்டோர்டு புரொசீஜரைத் தேடுங்கள். மைஸ்க்யூஎல்டம்ப் டிரிக்கரைத் தானாக எடுக்கும், ரூட்டீனையும் (புரொசீஜர் இதில்தான் வரும்) ஈவென்ட்டையும் (நேரம் குறித்து ஓடும் வேலை) தனியாகக் கேட்டால்தான் எடுக்கும். கேட்காமல் விட்ட ஸ்கிரிப்ட்டுகள் ஊர் முழுக்க ஓடிக்கொண்டிருக்கின்றன. சாஃப்ட்வேர் விற்றவரிடம் அந்தப் புரொசீஜர்கள் இருக்கும், இப்போதே போன் போட்டுக் கேட்டு வையுங்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் யாரும் எடுக்க மாட்டார்கள்.

இனிமேல் கம்ப்யூட்டர்காரரின் வேலை இல்லை. கணக்கு எழுதும் அக்காவைக் கூப்பிட்டு நாற்காலி போடுங்கள். நீங்கள் டேபிளில் எத்தனை வரி என்று எண்ணிக்கொண்டிருப்பீர்கள் (எண்ணுங்கள், ஆனால் மைஸ்க்யூஎல்லின் இன்ஃபர்மேஷன் ஸ்கீமா பட்டியலில் காட்டும் எண்ணை நம்பாதீர்கள், இன்னோடிபி வகை டேபிள்களில் அது உத்தேசக் கணக்கு). அவர் ஐந்தே நிமிடத்தில், நேற்று மதியம் கோயம்பேட்டுப் பார்ட்டிக்குப் போட்ட பில் எங்கே என்று கேட்பார். அந்தக் கேள்விக்குச் சமமான எந்த டூலும் சந்தையில் இல்லை.

அவரோடு சேர்ந்து மூன்று விஷயம் பாருங்கள். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் ஒரு நிதியாண்டில் தொடர்ச்சியாக வர வேண்டும், அது அரசாங்கத்துக்காக வைத்த விதி என்றாலும் நமக்கு இலவசமாகக் கிடைத்த சோதனை: ஒரு வரிசையின் கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்து ஒன்று கூட்டினால் பில்களின் எண்ணிக்கை வர வேண்டும், வரவில்லை என்றால் நடுவில் ஓட்டை. கேன்சல் ஆன பில்லை சாஃப்ட்வேர் எப்படி வைக்கிறது என்று மட்டும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, போன மாதத்து மொத்த விற்பனையை போர்ட்டலில் தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1 விற்பனைக் கணக்குடன் ஒப்பிடுங்கள். அது உங்கள் சர்வருக்கு வெளியே, வேறொருவர் கையில் இருக்கும் கணக்கு, உங்கள் டிஸ்க்கோடு சேர்ந்து சாகாதது. மூன்றாவது, பெரிய பார்ட்டிகள் நான்கைந்து பேரின் பாக்கி. டேலியில் இருக்கும் பாக்கியும் பில்லிங்கில் இருக்கும் பாக்கியும் ரூபாய் பைசாவோடு ஒத்துப்போனால், எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல சரிபார்ப்பு கிடையாது.

டேலியைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. பேக்கப்பை ரீஸ்டோர் செய்யும்போது, ஏற்கெனவே அதே கம்பெனி இருக்கும் ஃபோல்டரைக் காட்டாதீர்கள், மேலேயே எழுதிவிடும். புதிதாக ஒரு காலி ஃபோல்டர் உண்டாக்கி அதில் இறக்குங்கள். திறந்து டே புக்கில் கடைசி வவுச்சரின் தேதியையும் டிரையல் பேலன்ஸையும் பாருங்கள். மற்றபடி அதே கதைதான்.

டிஸ்க் தானாகச் செத்தது என்று நீங்கள் சொல்வதை நம்பித்தான் இவ்வளவும் எழுதினேன். ஒருவேளை ஃபைல் பெயர்களெல்லாம் விசித்திரமாக மாறி, பணம் கேட்டு ஒரு டெக்ஸ்ட் ஃபைல் கிடந்தால், கதையே வேறு. நாஸையும் உடனே நெட்வொர்க்கிலிருந்து கழற்றுங்கள். எந்த ஜிஜிப் ஃபைலும் ஹெக்ஸில் 1எஃப் 8பி என்றுதான் தொடங்கும், அப்படித் தொடங்கவில்லை என்றால் பேக்கப்பையும் பூட்டிவிட்டார்கள். தப்பித்த பேக்கப்பிலும் நேற்றையதை அவசரமாக எடுக்க வேண்டாம், அவர்கள் எப்போது உள்ளே வந்தார்கள் என்று தெரியாமல் சர்வரின் முழு இமேஜை (டிஸ்க்கின் முழு நகலை) ஏற்றினால் கூடவே அவர்களையும் திரும்ப அழைத்து வருகிறீர்கள். அந்த நிலையில் வெறும் டேட்டாபேஸ் டம்ப்பை மட்டும் எடுத்து, சர்வரைப் புதிதாகப் போடுவதுதான் மேல். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்பதையும் முதலாளி காதில் போட்டு வையுங்கள்.

முதலாளியிடம் என்ன சொல்வது என்று கேட்கவில்லை, ஆனால் அதுதான் உங்கள் உண்மையான பிரச்சினை என்று தோன்றுகிறது. சாயங்காலம் முடியுமா முடியாதா என்று இப்போது வாக்குக் கொடுக்காதீர்கள். சோதனை ரீஸ்டோருக்கு எவ்வளவு நேரம் ஆகிறதோ, அசலுக்கும் ஏறக்குறைய அவ்வளவு ஆகும், டம்ப் எடுக்கும் நேரத்தைவிட ஏற்றும் நேரம் பல மடங்கு அதிகம், இண்டெக்ஸ் (வேகமாகத் தேடுவதற்கான அட்டவணை) எல்லாம் மறுபடி கட்ட வேண்டும். அந்த எண் கையில் வந்ததும் சொல்லுங்கள். இன்றைக்கு வியாபாரம் நிற்கக் கூடாது என்றால், விதி ஒன்றுக்கு மேற்பட்ட பில் வரிசையை அனுமதிக்கிறது, தனி வரிசையில் கை பில் போடலாம். உங்கள் கம்பெனி இ-இன்வாய்ஸ் வரம்புக்குள் வந்தால், அதாவது 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் என்றால், ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கிட்லேப் கதையைச் சொல்லிப் பாருங்கள். 2017 ஜனவரி 31. உலகம் முழுக்க புரோகிராமர்கள் கோடு வைத்திருக்கும் கம்பெனி, களைத்துப்போன ஒரு இன்ஜினியர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். பேக்கப் என்னென்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்தால், எஸ்3 பக்கெட் காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பு, டம்ப் எடுக்க ஓடியது 9.2 பதிப்பின் கட்டளை, அது தினமும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்ல வேண்டிய மெயில்களோ, அனுப்பிய விதம் சரியில்லை என்று தடுக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. 6 மணி நேரம் முன்னால் ஒருவர் வேறு ஏதோ வேலைக்காகக் கையால் எடுத்து வைத்த ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து டேட்டாவின் நகல்)தான் காப்பாற்றியது. இதையெல்லாம் மறைக்காமல் அவர்களே எழுதி வெளியிட்டார்கள் என்பதால்தான் நமக்குத் தெரிகிறது. அவர்களிடம் இல்லாத ஆட்களா நம்மிடம் இருக்கிறார்கள்?

எல்லாம் முடிந்து மூச்சு விட்ட பிறகு, மாதம் ஒருமுறை அதே டெஸ்க்டாப்பில் இந்தச் சோதனை ரீஸ்டோரை ஓட விடுங்கள், அக்காவுக்கு அரை மணி நேரம் ஒதுக்கிக் கேளுங்கள். கம்பெனிகள் சட்டத்தின் கணக்கு விதிகளில் 2022இல் செய்த திருத்தப்படி பிரைவேட் லிமிடெட் கம்பெனிகள் கணக்குப் புத்தகத்தின் பேக்கப்பை இந்தியாவில் இருக்கும் சர்வரில் தினமும் வைத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது, ஆடிட்டர் கேட்பார். நான் என் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் செப்டம்பரில் ஒரு முழு ஒத்திகை வைப்பேன், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன். நவம்பரில் கரண்ட் இல்லாத ஆபீஸில் முட்டி வரை தண்ணீரில் நின்றுகொண்டு பாஸ்வேர்டு தேடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இப்போதைக்கு அந்த 14 ஃபைலின் தேதியையும் அளவையும், பைட் கணக்கில், வரிசையாக எழுதி அனுப்புங்கள். எங்கிருந்து தொடங்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன். ராத்திரி ஓடும் அந்த வேலையை நிறுத்திவிட்டீர்கள்தானே?